துடைத்து அனுப்பிய துப்பாக்கி

“தூக்கிப் பாரு டெல்லா. ரெண்டு ஆப்பிள் கனம்தான்.”

“எனக்கு எதுக்கு ராய்ஸ் இது?”

“நான் எண்ணெய்க் கிணத்துக்குப் போனா ரெண்டு வாரம் நீ தனியா கெடக்கறே. அந்தத் தோளை வச்சுக்கிட்டு உன்னால ரைஃபிளைத் தூக்க முடியாது. இது பாட்டுக்கு கோட்டுப் பாக்கெட்ல கிடக்கும். நானே பக்கத்துல இருக்கற மாதிரி நெனச்சுக்கோயேன்.”

“நீயும் இவ்வளவு லேசா இருந்திருந்தா கட்டில் கால் உடைஞ்சிருக்காது.”

அன்று இருவரும் சிரித்தார்கள். ஆனால் டெல்லா அன்று கேட்க நினைத்தது வேறு. தோளில் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியதிலிருந்தே அந்த ஒன்றைக் கேட்கத்தான் நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறப்பதற்குள் அவன் சிவப்பு ரிப்பன் கட்டிய பெட்டியைக் கையில் வைத்துவிட்டான். இவ்வளவு ஆசையாக வாங்கி வந்தவனிடம் என்ன சொல்வது?

அமெரிக்காவில், மொன்டானா மாநிலத்தின் கிழக்குக் கோடியில், பக்கத்து வீடே கண்ணுக்குத் தெரியாத புல்வெளியில் இருந்தது அவர்கள் பண்ணை. ராய்ஸுக்கு வேலை மாநில எல்லை தாண்டி வடக்கு டகோட்டாவில். இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே. அவன் இல்லாத நாட்களில் கன்றுகளும் காற்றும்தான் அவளுக்குத் துணை. போதாக்குறைக்கு இப்போது இந்த ரிவால்வர்.

அதில் கோளாறு இருப்பது முதல் மாதமே தெரிந்துவிட்டது. கொட்டகைக்குப் பின்னால் இருந்த மண்மேட்டில் தகர டப்பாக்களை வைத்துச் சுட்டுப் பழகினாள். இரண்டு சுற்றுத் தோட்டாக்கள் ஒழுங்காகப் போயின. மூன்றாவது சுற்றில் விசை கல்லாக நின்றது. தோட்டாக்கள் இருக்கும் உருளை சுற்றவே இல்லை. இரண்டு கையால் அழுத்தியும் அசையவில்லை.

ராய்ஸ் ஊருக்கு வந்ததும் அவன் கையில் கொடுத்தாள். அவன் அதைத் துடைத்து, எண்ணெய் போட்டு, மேட்டுக்கு எடுத்துப் போய்ச் சுட்டான். உருளை வழுக்கிக்கொண்டு சுற்றியது.

“என்கிட்ட சுத்துது பாரு” என்றான். அவன் குறும்பாகத்தான் சொன்னான். அவளுக்கோ சுருக்கென்றது.

ஊரில் துப்பாக்கிக் கடை வைத்திருந்த கர்ட்டிடம் போனார்கள். அவர் அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏம்மா, விசையை முழுசா விடாம மறுபடி அழுத்தறியோ? சின்னக் கைக்காரங்க செய்யற தப்புதான் இது.”

“என் கை சின்னதுதான். முன்னாடி இந்தக் கையாலதான் மான் சுட்டேன், கர்ட்.”

“அப்ப புருஷனைத் திட்டற வேகத்துல அழுத்திப் பாரு. தானா சுத்தும்!”

கடையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். சிரிக்காவிட்டால் இன்னொரு பட்டம் கட்டிவிடுவார்கள்.

கர்ட் மூலமாக அதைத் தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். ‘சோதித்துப் பார்த்தோம், குறை ஏதும் இல்லை’ என்ற சீட்டோடு திரும்பி வந்தது. மறுபடி சிக்கியது. மறுபடி அனுப்பினார்கள். அதே சீட்டு, அதே வாசகம். தொலைபேசியில் பேசிய பெண், “உங்க பழக்கத்தைக் கொஞ்சம் மாத்திப் பாருங்க மேடம்” என்று இனிமையாகச் சொல்லி வைத்துவிட்டாள். இப்படியாக அது பழுதான துப்பாக்கி என்ற பேச்சே மறைந்து, டெல்லாவுக்குத்தான் சுடத் தெரியவில்லை என்று ஆகிவிட்டது.

வேட்டைக் காலம் தொடங்கிய வாரத்தில் ஒரு மாலை, யாரோ முன்பின் தெரியாதவர்களின் லாரி ஒன்று வாசல் கதவருகே வந்து நின்றது. இன்ஜினை அணைக்கவில்லை. இறங்கவும் இல்லை. டெல்லா அடுக்களை ஜன்னலோரம் சுவரோடு சுவராக நின்றாள். போன் செய்தாலும் ஊர்ப் போலீஸ் அதிகாரி ஷெரிஃப் வந்து சேர ஒரு மணி நேரமாகும். பாக்கெட்டிலிருந்து ரிவால்வரை எடுத்தாள். மதியம்தான் மண்மேட்டில் சுட்டுப் பழகியிருந்தாள். விரலை வைத்து மெல்ல அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை. சொந்த வீட்டுக்குள்ளேயே யாரோ தாழ்ப்பாள் போட்டுவிட்டது போலிருந்தது. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றாள்.

லாரி தானாகவே திரும்பிப் போய்விட்டது. சிறிது நேரத்தில் ராய்ஸ் கூப்பிட்டான். அவள் முகத்தைக் கழுவி, தலையைக் கோதிக்கொண்டு, பிறகுதான் போனை எடுத்தாள்.

“எல்லாம் நல்லா இருக்கா?”

“நல்லா இருக்கு. நீ சாப்பிட்டியா?”

இப்போது மூன்றாம் முறை அனுப்பப் போகிறார்கள். நாளை காலை வேலைக்குக் கிளம்பும் ராய்ஸ், போகிற வழியில் கர்ட் கடையில் கொடுத்துவிடுவதாகச் சொன்னான். சாப்பாட்டு மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்து, எண்ணெய்ப் புட்டி, தூரிகை, துணித் துண்டுகள் எல்லாவற்றையும் கடை பரப்பினான். உருளையைத் திறந்து, தோட்டா ஏதுமில்லை என்று பார்த்துக்கொண்டான். அடுத்தவன் கையில் அழுக்குத் துப்பாக்கியைக் கொடுக்கக் கூடாது என்பது அவன் அப்பா காலத்துப் பழக்கம். இரவல் வாங்கிய வண்டியைப் பெட்ரோல் போடாமல் திருப்பிக் கொடுப்பதற்குச் சமம் அது.

குழலுக்குள் விட்ட முதல் துணித் துண்டு கரியாக வெளியே வந்தது. இரண்டாவதை எடுக்கக் கை நீட்டினான்.

அந்தக் கரியையே பார்த்துக்கொண்டிருந்தாள் டெல்லா.

“ராய்ஸ், நிறுத்து. துடைக்காதே.”

“இப்படியேவா? என்னைப் பத்தி என்ன நெனப்பாங்க?”

“உன்னைப் பத்தி என்ன வேணா நெனச்சுக்கட்டும். உருளையை மூடிட்டு விசையை அழுத்து.”

சுவரைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு அழுத்தினான். நின்றது. இன்னும் பலமாக அழுத்தினான். விரல் நகம் வெளுத்ததே தவிர உருளை அசையவில்லை.

அவன் அதை விளக்குக்கு நேராகத் தூக்கி, உருளைக்கும் குழலுக்கும் நடுவே கண்ணை வைத்துப் பார்த்தான்.

“இங்க ஒரு கோடு வெளிச்சமாவது தெரியணும்” என்றான் மெதுவாக. “இடைவெளியே பத்தாது. ரெண்டு சுத்து சுட்டா கரி அடைச்சுக்குது. நான் பாட்டுக்கு ஒவ்வொரு தடவையும் பளபளன்னு துடைச்சு… அடக் கடவுளே. நீ சொல்லிக்கிட்டேதான் இருந்தே.”

“சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்.”

“மன்னிச்சுக்கோம்மா.” அவன் முகம் மறு நொடியே மலர்ந்தது. “கண்டுபிடிச்சாச்சுல்ல! இப்படியே கரியோட அனுப்பறேன். கர்ட் மூஞ்சியைப் பாக்கணும் எனக்கு. சரியாகி வந்துட்டா உனக்கு அப்புறம் ஒரு கவலையும் இல்ல.”

பெட்டியை எடுத்து வந்து, ரிவால்வரை உள்ளே வைத்து, டேப் ஒட்டினான். ஒரு வருடமாக அவள் காத்திருந்த வெற்றி இது. ஆனால் டேப் கிழிபடும் சத்தம் கேட்டதும் அவளுக்கு வேறொன்று உறைத்தது. குறை தீர்ந்து துப்பாக்கி வந்துவிடும். அதற்கப்புறம் பயப்பட அவளிடம் காரணமே இருக்காது. அவன் நிம்மதியாகப் போய்க்கொண்டே இருப்பான்.

“வேட்டைக் காலத்துல ஒரு லாரி வந்து வாசல்ல நின்னுச்சு” என்றாள். “நான் இதைக் கையில வச்சுக்கிட்டு அந்தச் சுவரோட நின்னேன். அன்னிக்கும் சுத்தல.”

டேப்பைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது.

“நீ… நல்லா இருக்குன்னுதானே போன்ல சொன்னே?”

“மூஞ்சியைக் கழுவிட்டு வந்து சொன்னேன்.”

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். மேஜையில் கரித் துணி அப்படியே கிடந்தது. அவள் அதை எடுத்து ஒளிக்கவில்லை. கண்ணையும் துடைத்துக்கொள்ளவில்லை.

“அது சரியாகி வந்தாலும் எனக்கு வேண்டாம் ராய்ஸ். நாளைக்குப் போகாதே. இனிமே எப்பவும் போகாதே. என்கூட வீட்டுல இரு.”