காலையிலேயே கலக்கிய பால்

தங்கை வங்கி வேலைக்குத் திரும்பியதும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அண்ணனிடம் வந்தது. அவர் தையல்காரர்; வீட்டின் முன்னறைதான் கடை. குழந்தை குறைமாதத்தில் பிறந்தவள், தாய்ப்பாலும் போதவில்லை, அதனால் பால் பவுடர். தினமும் செருப்பை மாட்டிக்கொண்டே தங்கை பாடம் ஒப்பிப்பாள்: கொதித்த தண்ணீர் நல்ல சூடாக இருக்கும்போதே பவுடரைப் போட வேண்டும், ஆற்றி உடனே கொடுக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். நான் என்ன சின்னப் பிள்ளையா என்று சிரித்து அனுப்பி வைப்பார் அவர்.

பள்ளிச் சீருடைகள் வந்து குவிந்தபோது கதை மாறியது. குழந்தை அழும்போதெல்லாம் மிஷினை நிறுத்திவிட்டு அடுப்படிக்கு ஓடினால் வேலை நகரவில்லை. அதனால் காலையிலேயே வெதுவெதுப்பான தண்ணீரில் பாலைக் கலக்கி, பாட்டில்களை இஸ்திரி மேசையோரம் வரிசையாக வைத்துக்கொண்டார். குழந்தையும் சமர்த்தாகக் குடித்தாள். தங்கையிடம் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவாள் என்று தெரியும். தவறு என்பதும் தெரிந்துதான் இருந்தது.

ஒருநாள் குழந்தை பாலைத் தொடவில்லை. தூக்கினால் துவண்டாள், உடம்பு கொதித்தது. மருத்துவமனையில் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தார்கள். மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் கிருமி என்றார் டாக்டர். பால் கொடுப்பது யார் என்றும் கேட்டார்.

“எங்க அண்ணன்தான். என்னைவிடச் சுத்தம் பார்ப்பாரு” என்றாள் தங்கை.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

குழந்தையின் கட்டிலருகே உட்கார்ந்து, பச்சைக் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போன பாவம்தான் இது என்று தங்கை ஓயாமல் புலம்பினாள். சில நாட்களில், பால் பவுடர் வாங்கிய அதே கடையிலிருந்து எடுத்த, திறக்காத டின்னிலும் அந்தக் கிருமி இருப்பதாகச் சோதனையில் தெரிந்தது. கம்பெனி அந்தச் சரக்கைத் திரும்பப் பெற்றது. உறவுக்காரர்கள் போன் மேல் போன் போட்டு, அவர்களைச் சும்மா விடக்கூடாது என்றார்கள். அவருக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: நல்ல சூட்டில் கலக்கினால் அந்தக் கிருமி பெரும்பாலும் செத்துவிடும், கலக்கி வெளியே வைத்தால் பெருகிவிடும். நாங்கள் எப்போதும் சூடாகத்தான் கலக்குவோம் என்று தங்கை அடித்துச் சொன்னாள்.

அன்று அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

“பாலை நான் காலையிலயே கலக்கி வச்சிடுவேன்மா. வெதுவெதுன்னு இருக்கற தண்ணியில. மதியம் வரைக்கும் அப்படியே இருக்கும்.”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“கிருமி டின்லயே இருந்துச்சுன்னுதான் சொல்லிட்டாங்களே. இப்ப எதுக்கு இதைச் சொல்ற?”

“நீ உன்னையே திட்டிக்கிற. பாத்துட்டு இருக்க முடியல.”

“எனக்காகச் சொல்றேன்னு சொல்லாதண்ணா. தினமும் வாசல்ல நின்னு சொன்னேனே.” அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “டாக்டர்கிட்டயும் நீயே போய்ச் சொல்லு.”

போய்ச் சொன்னார். டாக்டர் முகம் மாறாமல் கேட்டுக்கொண்டார். டின்னால் எவ்வளவு, கலக்கி வைத்ததால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

குழந்தை பிழைத்தாள். ஒரு காது மட்டும் சரியாகக் கேட்கவில்லை. தங்கை நீண்ட விடுப்பு எடுத்து வீட்டிலேயே இருந்தாள். அண்ணனிடம் சாப்பிட வா என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. குழந்தை அழுதால் அவர் மிஷினை நிறுத்துவார். ஆனால் எழுந்து போக மாட்டார்.

ஒரு மாலை தங்கை குழந்தையோடு முன்னறைக்கு வந்து நின்றாள்.

“இவளக் கொஞ்சம் பிடி.”

கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். குழந்தை கனத்திருந்தாள். கேட்கிற காதுப் பக்கம் குனிந்து என்னவோ சொன்னார். அவள் அவர் மூக்கைப் பிடித்தாள். உள்ளே தண்ணீர் கொதிக்கும் சத்தம். பாலைக் கலக்கி ஆற்றி, கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தபடி தங்கை பாட்டிலோடு வந்தாள். அவர் தன்னையறியாமல் கை நீட்டினார். அவள் பாட்டிலைக் கொடுக்கவில்லை, குழந்தையை வாங்கிக்கொண்டாள். ஆனால் உள்ளே போகவில்லை. எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் பார்க்கப் பால் கொடுத்தாள்.