ஓடையில் ஒன்றுமில்லை

மலைக்கிராமமான பள்ளங்கிக்கு மேலே ஜீப் தடம் முடிகிற இடத்தில் மீன்வளத் துறை உதவி இயக்குநர் வேலுச்சாமி இறங்கினார். ஓடைக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையைப் பார்த்துவிட்டுத் தன் தோல் செருப்பைப் பார்த்தார். விடிந்து வெகுநேரமாகியும் மூட்டம் விலகவில்லை. வாட்டில் மரங்களின் இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சூசைமாணிக்கம் வாளியையும் தெர்மாமீட்டர் பெட்டியையும் ஜீப்பிலிருந்து இறக்கிவைத்தான். நல்லசாமி வீச்சுவலையைத் தோளில் போட்டுக்கொண்டு, அதிகாரி முன்னால் நடப்பார் என்று ஒதுங்கி நின்றார்.

“அட்டை இருக்குமோ?”

“இருக்குங்க சார். உப்புத் துணியக் கால்ல கட்டிக்கிட்டா ஏறாது,” என்றார் நல்லசாமி.

வேலுச்சாமி சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். “நீங்க ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டு வந்துருங்க. நான் பொரிப்பகத்துல இருக்கேன்.” பிறகு சூசைமாணிக்கத்தின் முழங்கையைத் தொட்டுக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனார். “சூசை, போன வருஷமும் இல்ல, அதுக்கு முந்தியும் இல்ல. இன்னைக்கும் இல்லேன்னா ஸ்கீமை மூடிரலாம்னு எழுதிருவேன். ஒத்த மீன் கெடைச்சாலும் மேல இருக்கவங்க விடமாட்டாங்க, இன்னும் அஞ்சாறு வருஷம் இழுப்பாங்க. இல்லாம இருந்தா உங்களுக்கும் நல்லதுதான், கீழ வந்துரலாம், இல்லையா?”

“ஆமா சார்,” என்றான் சூசைமாணிக்கம்.

அந்த மீனுக்கு டிரவுட் என்று பெயர். வெள்ளைக்காரர்கள் தூண்டில் போட்டு விளையாடுவதற்காகக் கப்பலில் முட்டைகளாகக் கொண்டுவந்து இந்த மலைகளில் விட்டது. பள்ளங்கிக்காரர்கள் துரை மீன் என்பார்கள். வெள்ளைக்காரர்கள் போன பிறகு அரசாங்கம் ஓடைக்கரையில் ஒரு பொரிப்பகம் கட்டி, சிமெண்டுத் தொட்டிகளில் குஞ்சு வளர்த்து ஓடைகளில் விட்டுப்பார்த்தது. குளிர்ந்த, ஓடிக்கொண்டே இருக்கிற தண்ணீர் இல்லாவிட்டால் அது வாழாது. புல்வெளிகளில் தண்ணீரை உறிஞ்சும் வாட்டில் மரங்களை நட்டு, மேலே சோலையும் குறுகிவிட்ட பிறகு ஓடை மெலிந்தது. ஒரு கோடையில் தொட்டி மீன்கள் அத்தனையும் வயிறு வெளுத்து மிதந்தன. அதன் பிறகு சூசைமாணிக்கத்தின் வேலை, ஓடையில் விட்ட மீன்களில் ஏதாவது தப்பித்து இனம் பெருக்கியிருக்கிறதா என்று பார்ப்பது. மாதாமாதம் ஏறி, தண்ணீரின் குளிர் பார்த்து, வலை வீசி, அகப்பட்டதை எழுதி அனுப்புவான். அயிரையும் பாறையில் ஒட்டிக் கிடக்கும் சின்ன மீன்களும்தான் அகப்படும். டிரவுட் இல்லை என்று எழுதி எழுதி, அந்த இரண்டு சொற்களையும் பேனா தானாகவே எழுதும் அளவுக்கு ஆகிவிட்டது.

இரண்டு வருஷம் என்று சொல்லித்தான் அவனை மலைக்கு அனுப்பினார்கள். அப்போது அமலியோடு கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவள் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவன் செண்பகனூரில் ஒரு அறை எடுத்துக்கொண்டான். மாற்றல் கேட்டு எழுதும்போதெல்லாம், உன் இடத்துக்கு வர யாராவது சம்மதித்தால் போகலாம் என்று பதில் வந்தது. இந்தக் குளிருக்கும் தனிமைக்கும் எவன் வருவான்? பதினைந்து நாளுக்கு ஒருதரம் பஸ் பிடித்து இறங்குவான். குழந்தை லீமா கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, யார் வந்திருக்கிறார்கள் என்று அம்மாவைக் கேட்பாள். அவனிடம் அவள் ஒட்டிக்கொள்ளத் தொடங்குவதற்குள் அவன் கிளம்புகிற நேரம் வந்துவிடும்.

லீமாவுக்கு மூன்று வயதில் மூளைக் காய்ச்சல் கண்டது. அமலி தபாலாபீசுக்குப் போன் போட்டுச் சொன்ன சேதி, ஓடைக்கு ஏறியிருந்த சூசைமாணிக்கத்துக்கு மறுநாள்தான் கிடைத்தது. அன்றைக்கென்று மழையில் மலைப்பாதை சரிந்து பஸ் நின்றுபோயிருந்தது. கிடைத்த லாரியிலும் கால்நடையாகவும் அவன் போய்ச் சேர்ந்தபோது காய்ச்சல் இறங்கிக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். பிழைத்துக்கொண்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள். மலைக்குத் திரும்பும் முன், சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து பொம்மைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தவளைப் பின்னாலிருந்து கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டான். அடுப்படியிலிருந்து அமலிதான் எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும், தனக்கு முன்பே அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்குப் புரிந்தது.

காய்ச்சல் காதைக் கொண்டுபோய்விட்டது, வாரத்தில் மூன்று நாள் மதுரைக்குக் கூட்டிப்போய்ப் பேச்சுப் பழக்க வேண்டும், முடியாவிட்டால் அங்கே காது கேளாதோர் பள்ளி ஆஸ்டலில் விடலாம் என்றார்கள். ஆஸ்பத்திரி டூட்டியையும் வைத்துக்கொண்டு அமலி ஒருத்தியால் முடியவில்லை. போன தடவை அவன் பையைத் தூக்கியபோது அவள் சண்டை போடவில்லை. “நீங்க கீழ வந்தா வீட்டுலயே வச்சுப் பாத்துக்கலாம். இல்லேன்னா ஆஸ்டல்ல விட்டுருவேன். ரெண்டுல ஒண்ணு சொல்லிட்டுப் போங்க,” என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவன் கிளம்பினான்.

நல்லசாமி முன்னே ஏறிக்கொண்டிருந்தார். தினக்கூலி ஆள். பொரிப்பகத்துக்கு அஸ்திவாரம் தோண்ட வந்தவர், மற்றவர்களை நிறுத்திய பிறகும் நிலைத்துவிட்டார். நிரந்தரமாக்குவார்கள் என்று எந்த அதிகாரியோ எப்போதோ சொன்னதை நம்பி, தன் பூண்டுக் காட்டைத் தம்பியிடம் விட்டுவிட்டார். ஊரில் மீனாபீசு நல்லசாமி என்றால்தான் தெரியும். திருவிழாவுக்கும் காக்கிச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போவார் என்று அவர் மனைவி வேலுத்தாய் சொல்லிச் சிரிப்பாள்.

கீழ்க் குட்டங்களில் ஒன்றுமில்லை. மேலே, பாறைக்கு அடியில் ஓடை இருண்டு தேங்குகிற கடைசிக் குட்டத்தில் சூசைமாணிக்கம் இறங்கித் தெர்மாமீட்டரை அமிழ்த்தினான். முழங்கைவரை மரத்துப்போனது. நல்லசாமி பாறை மேல் நின்று வலையை வீசினார். அது வட்டமாக விரிந்து விழுந்தது. மெல்ல இழுத்தவரின் கை பாதியில் நின்றது.

“சார்.”

அவர் குரலில் ஏதோ இருந்தது. சூசைமாணிக்கம் வாளியில் தண்ணீரை மொண்டுகொண்டு போனான். வலைக்குள் அடித்துக்கொண்டிருந்ததை இருவருமாக வாளிக்குள் இறக்கினார்கள். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. முதுகில் மிளகு தூவிய மாதிரி புள்ளிகள், விலா நெடுக ரோஜா நிறத்தில் ஒரு பட்டை. தொட்டியில் வளர்த்தவை இவ்வளவு அழகாக இருந்ததில்லை. இது இங்கேயே பிறந்து, இந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தது.

நல்லசாமி சத்தம் வராமல் சிரித்தார். கண் கலங்கியிருந்தது. “தொர மீனு சார். இத்தன நாளா நமக்குப் போக்குக் காட்டிட்டு இங்கனதான் கெடந்திருக்கு பாருங்க.”

சூசைமாணிக்கத்துக்கும் நெஞ்சு துள்ளத்தான் செய்தது. எத்தனை பருவம், எத்தனை குட்டம். முட்டி போட்டு உட்கார்ந்து வாளிக்குள் பார்த்தான். மீன் வாளியின் விளிம்பை ஒட்டிச் சுற்றிச் சுற்றி வந்தது. போக இடமில்லை என்று அதற்குப் புரியவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகத் தேடியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த பிள்ளையின் பிடரி கண்ணில் வந்து நின்றது.

“அண்ணே,” என்றான். “இத விட்டுருவோமா?”

“அளந்துட்டுங்களா?”

“அளக்காம.”

நல்லசாமியின் சிரிப்பு சட்டென்று போகவில்லை. முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே தங்கியிருந்து, பிறகுதான் வடிந்தது. ஒரு பீடியை எடுத்து வாயில் வைத்தார். தீப்பெட்டி நமுத்திருந்தது. குச்சியைக் கிழித்துக் கிழித்துப் பார்த்துவிட்டுப் பீடியைக் காதில் செருகிக்கொண்டார்.

“பாப்பாவுக்காகவா சார்?”

“ஆமாண்ணே.”

“எனக்குச் சோலி போயிருமே சார்.” புகார் மாதிரிச் சொல்லவில்லை. சூசைமாணிக்கத்துக்கு ஒருவேளை அது தெரியாமல் இருக்கலாம் என்பதுபோலச் சொன்னார்.

“நான் கீழ போய் ஆபீசுல பேசுறேன். டேம்ல ஆளு எடுப்பாங்க. உங்களச் சேத்துவிடுறேன்.”

அதை அவன் சொல்லிமுடித்த பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. நல்லசாமி வலையை எடுத்துக்கொண்டு பாறையின் அந்தப் பக்கம் போய், முதுகைக் காட்டி நின்று, அதைப் பிழியத் தொடங்கினார். பிழிந்து முடிந்த இடத்தையே திரும்பத் திரும்பப் பிழிந்தார். சரி என்று சொல்கிறாரா, எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்கிறாரா, சூசைமாணிக்கத்துக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள அவன் நிற்கவும் இல்லை. வாளியைச் சாய்த்தான். மீன் உடனே போகவில்லை. அவன் கணுக்காலை ஒட்டி, செவுள் மட்டும் அசைய, ஓட்டத்துக்கு எதிராக நின்றது. பிறகு இல்லை.

பொரிப்பகத்தில் வேலுச்சாமி டீ குடித்து முடித்திருந்தார். “என்ன சூசை?” என்றார்.

“இல்ல சார்.”

வேலுச்சாமி எழுதிக்கொண்டே, ஏதோ பேச்சுக்குக் கேட்பவரைப்போல, “நல்லசாமி, உங்க கண்ணுக்கும் ஒண்ணும் படலியா?” என்றார்.

சூசைமாணிக்கம் தெர்மாமீட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான். துணி அவன் கையில் நின்றது.

“அயிரதானுங்க சார்,” என்றார் நல்லசாமி. “வேற ஒண்ணுமில்லைங்க.”

ஜீப் போன பிறகு இருவரும் ஊர்ப் பக்கம் இறங்கினார்கள். பாதை பிரிகிற இடத்தில் நல்லசாமி நின்றார். “அது ஒத்தையாத்தானே சார் கெடந்துச்சு. ஒத்தைய வச்சு என்ன பண்ண முடியும்,” என்றார்.

மழைக்காலம் முடிவதற்குள் உத்தரவு வந்துவிட்டது. திட்டம் மூடப்பட்டது. நல்லசாமிக்கு அன்றோடு வேலை இல்லை. காக்கிச் சட்டையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். அது அவரே தைத்துக்கொண்ட சட்டைதான், கொடுக்க வேண்டாம் என்று சொன்னதும் திரும்ப வாங்கிக்கொண்டார். சூசைமாணிக்கத்தைப் பற்றி உத்தரவின் கடைசியில் ஒரு வாக்கியம் இருந்தது. கட்டடத்தையும் தொட்டிகளையும் வேறு துறையிடம் ஒப்படைக்கும்வரை அவன் பொறுப்பாக அங்கேயே இருக்க வேண்டும்.

அவன் காட்டிலாகாவுக்குப் போனான். தொட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டார்கள். ரோட்டு இலாகாக்காரர்கள் தங்களுக்குக் காகிதம் வரவில்லை என்றார்கள். திண்டுக்கல்லில் வேலுச்சாமியைப் பார்க்கலாம் என்று இறங்கினான். அவரைக் கடலோரத்துக்கு மாற்றியிருந்தார்கள். புதிதாக வந்தவர் கோப்பைப் புரட்டிவிட்டு, “அதுவரைக்கும் சாவி யார்கிட்டங்க இருக்கும்? உங்ககிட்டதானே இருக்கணும்,” என்றார். நியாயமாகவே கேட்டார். அணை வேலைக்கு நல்லசாமியைப் பற்றிப் பேசவும் சூசைமாணிக்கம் வாயெடுத்தான். அதற்குள் அவர், அணையில் இருக்கிற ஆட்களையே குறைக்கிறார்கள் என்று வேறு யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு கிறிஸ்துமஸ் போயிற்று, பாஸ்காத் திருநாள் போயிற்று. மூடிய திட்டத்தின் பூட்டிய கட்டடத்தைத் தினமும் போய்த் திறந்து, பெருக்கி, மறுபடியும் பூட்டிவிட்டு வந்தான். ஓடைக்குப் போவதை நிறுத்திவிட்டான். பார்த்துச் சொல்ல அங்கே ஒன்றுமில்லை. பார்த்துவிட்டால் சொல்லவும் முடியாது. ஜூன் மாதம் அமலி லீமாவை மதுரையில் ஆஸ்டலில் விட்டாள். தான் ஒருத்தியாகத்தான் கொண்டுபோய் விட்டாள். கேட் பக்கம் நின்ற பிள்ளை அழவில்லை என்றும், தனக்குத்தான் பஸ் நம்பர் கண்ணுக்குத் தெரியவில்லை என்றும் சொன்னாள்.

அடுத்த மே மாதம் லீவுக்கு இருவரும் மேலே வந்தார்கள். லீமா மலையை அதுவரை பார்த்ததில்லை. அப்பாவுக்கு என்ன வேலை என்று கையை ஆட்டி ஆட்டிக் கேட்டதால், பள்ளங்கி பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனான். பஸ் நிற்கிற இடத்தில் காய்கறி லாரிக்கு உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மூட்டையைச் சாய்த்துவிட்டுத் திரும்பிய ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். நல்லசாமி.

“வாங்கம்மா. வெள்ளனே கெளம்பிட்டீங்களோ? பாப்பா நல்லாருக்கா?” என்றபடி, கேட்காமலே அமலியின் பையை வாங்கிக்கொண்டார்.

“இருக்கட்டும்ணே, அவுக தூக்குவாக.”

“எனக்கும் அந்தப் பக்கந்தான் சோலி,” என்றார். அந்தப் பக்கம் பொரிப்பகத்தைத் தவிர ஒன்றும் கிடையாது.

ஏற்றத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. மூட்டை சுமந்து தோள் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. சூசைமாணிக்கம் பையைக் கேட்கக் கை நீட்டினான். அவர் கவனிக்காதவர்போல முன்னே நடந்தார். அமலிதான் பேசிக்கொண்டு வந்தாள். வேலுத்தாயை விசாரித்தாள். பிறகு ஒரு திருப்பத்தில் நின்று இளைப்பாறும்போது, “அந்த மீனு ஒண்ணே ஒண்ணு கெடைச்சிருந்தாக்கூட உங்களுக்கு இந்தப் பாடு வந்திருக்காதுல்ல,” என்றாள்.

நல்லசாமி பையைத் தோள் மாற்றிக்கொண்டார். “கெடைக்கலையேம்மா,” என்றார்.

அவர் சூசைமாணிக்கத்தின் பக்கம் பார்க்கவில்லை. அமலி தன் கணவனைப் பார்த்தாள். அவன் வாட்டில் மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். அங்கே நின்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சொன்னால் அவள் என்ன செய்வாள்? தனக்காகத்தான் செய்தான் என்று அந்தப் பாரத்தில் பாதியைத் தன் தலையில் ஏற்றிக்கொள்வாள். அவளுக்குச் சுமக்க இருப்பதே போதும். மேலே நடந்தான்.

பொரிப்பகத்து வாசலில் பையை வைத்துவிட்டு, “வெரசா இறங்கிருங்க, மழ வரும்,” என்று சொல்லி நல்லசாமி திரும்பினார். அவர் வளைவில் மறைகிறவரை சூசைமாணிக்கம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

உள்ளே தொட்டிகள் காய்ந்து வெடித்திருந்தன. கட்டடத்துக்குப் பின்னால், ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் இரும்புக் குழாயை மட்டும் அடைக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. அது இரவும் பகலும் வாய்க்காலில் கொட்டி, மறுபடியும் ஓடைக்கே போய்க்கொண்டிருந்தது. அமலி முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். லீமா குழாயிடம் போனாள். குளிர்ந்த இரும்பின் மேல் உள்ளங்கையை வைத்தவள் திடுக்கிட்டு எடுத்தாள். மறுபடி வைத்தாள். கண்கள் விரிந்தன. இரண்டு கையாலும் பிடித்து, கன்னத்தைச் சாய்த்து, குழாயின் அதிர்வு தன் எலும்புக்குள் ஏறுவதைக் கேட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

பிறகு ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். அந்தக் கையை விரித்துக் குழாயின் மேல் அழுத்தி வைத்து, நழுவிவிடாமல் தன் சின்னக் கையை அதன் மேல் வைத்துக்கொண்டாள். அண்ணாந்து, அவனுக்கும் கேட்கிறதா என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரும்புக்குள் தண்ணீர் முட்டி மோதி நடுங்கியபடி போய்க்கொண்டிருந்தது.