ஓட்டம் பின்னால வருது

காலை ஐந்து மணிக்குப் பேருந்து பாப்பாரப்பட்டியில் நின்றது. ரேவதி படியில் திரும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினாள். முழங்கால் மடங்கவில்லை. கண்டக்டர் விசில் ஊதாமல் காத்திருந்தார்.

முதலில் இறங்கிவிட்ட முத்துராஜ் கீழே நின்று கை நீட்டினான். கறுப்பு வேட்டி, தாடி, கழுத்தில் ஐயப்ப மாலை.

"மெதுவா."

"வந்துட்டேன் சாமி, வுடுங்க."

மாலை போட்ட நாளிலிருந்து அவள் கணவனைச் சாமி என்றுதான் கூப்பிட்டாள். ஊரும் அப்படித்தான் கூப்பிட்டது.

முந்தின நாள் சென்னையில் மாரத்தான். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். முத்துராஜ் முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில், தடுப்புக்கு வெளியே நின்றிருந்தான். வந்தவர்களுக்கெல்லாம் கை தட்டினான். வெயில் ஏறியது. வருகிறவர்கள் குறைந்தார்கள். அலங்கார வளைவைக் கழற்ற ஆட்கள் வந்தபோது போன் அடித்தது.

"சாமி, உங்களுக்குப் பின்னாலதான் உக்காந்திருக்கேன். முடியாதவங்கள ஏத்திக்கிட்டு வர்ற பஸ்ல வந்துட்டேன்."

திரும்பினான். நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"எப்ப வந்த?"

"ரொம்ப நேரமாச்சு. நீங்க கை தட்டிக்கிட்டு இருந்தீங்க. நிறுத்த மனசு வரல."

ரேவதிக்குப் பென்னாகரம் அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துச் சோதிக்கும் வேலை. முத்துராஜுக்குக் கடைத்தெருவில் மாவு மில். கேழ்வரகு, கம்பு, மிளகாய். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகுதான் அவள் ஓட ஆரம்பித்தாள். ஊர் முதலில் சிரித்தது. பிறகு பழகிவிட்டது. முத்துராஜுக்கு மட்டும் பழகவில்லை. விடிவதற்கு முன் தெருமுனையில் அவள் காலடி கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவான். நன்றாக இழுத்துக் கட்டிய மில் பெல்ட் ஓடுவதைப் போல ஒரே சீராக வரும் அந்தச் சத்தம்.

அவள் ஓடி முடிக்க வேண்டும் என்றுதான் கார்த்திகையில் மாலை போட்டான். அவனுக்கு அது முதல் முறை, கன்னிசாமி. "உனக்காகத்தான் போறேன்" என்று சொன்னபோது அவள் கண் கலங்கியது.

சென்னையிலிருந்து வந்த அன்றே ஷூவைக் கழுவிக் காயவைத்தாள். துணிப்பையில் போட்டுப் பரண் மேல் வைத்துவிட்டாள்.

எதிர் வீட்டுச் சாலம்மாள் விசாரிக்க வந்தாள். "மாலை போட்ட வூட்டுப் பொம்பள அரை டவுசர் மாட்டிக்கிட்டு ஓடுனா, சாமி எப்படிடி கை குடுக்கும்?"

"முழு பேண்ட்டுதாங்க்கா போட்டிருந்தேன்."

சொல்லிவிட்டு ரேவதி உள்ளே போனாள்.

முத்துராஜ் மலைக்குப் போய் ஜோதி பார்த்து வந்தான். மாலையைக் கழற்றினான், தாடியை எடுத்தான். ரேவதி மறுபடி "ஏங்க" என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஆனால் காலடிச் சத்தம் திரும்பவில்லை. தை போனது, மாசி போனது. அவன் வழக்கமான நேரத்துக்கு விழித்துக்கொள்வான். பக்கத்தில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். தூங்கவில்லை என்று மூச்சிலேயே தெரியும். கேட்கப் பயந்தான். இனி ஓட மாட்டேன் என்று வாயால் சொல்லிவிட்டால் அது முடிந்த பேச்சு. சொன்னதை மாற்றுகிறவள் இல்லை அவள்.

பங்குனியில் வத்தல்மலையில் மருத்துவ முகாம். சில நாள் அங்கேயே தங்கும்படி ரேவதியை அனுப்பினார்கள். முத்துராஜ் மில்லை ஆளிடம் விட்டுவிட்டு வீட்டைப் பார்த்தான். கூட்டினான், பாத்திரம் கழுவினான், பிள்ளைகளுக்குச் சோறு கட்டி அனுப்பினான். மூன்றாம் நாள் காலை பள்ளி வேன் போனதும் வாசற்படியில் உட்கார்ந்தான். எழ முடியவில்லை.

அவன் மாலை போட்டிருந்த நாட்களில் அவளுக்கு வேலை இதோடு நிற்கவில்லை. அவன் எழுவதற்கு முன்பே அவள் பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளித்திருப்பாள். வீடு முழுக்கத் துடைத்திருப்பாள். அவனுக்குத் தனிப் பாத்திரம், தனிச் சமையல். கன்னி பூசைக்கு வந்த அத்தனை சாமிமார்களுக்கும் பொங்கல், சுண்டல், பாயசம் எல்லாம் அவள் கையால்தான். வீட்டில் இருக்கக்கூடாத அந்த நாட்களில் சாலம்மாள் வீட்டு வெளி அறையில் பாய். இதற்கு நடுவே ஆஸ்பத்திரி. இதற்கும் நடுவே எங்கிருந்தோ நேரத்தைக் கிள்ளி எடுத்து ஓடியிருக்கிறாள். சென்னையில் முப்பது கிலோமீட்டர் தாண்டித்தான் உட்கார்ந்தாள்.

ஏன் முப்பதோடு நின்றாள் என்றுதான் இதுவரை யோசித்திருந்தான். அந்த முப்பது எப்படி வந்தது என்று இப்போது புரியவில்லை.

முகாம் முடிந்து வந்த ரேவதி பையை இறக்கி வைத்தாள். அடுப்படியைப் பார்த்தாள்.

"தேவலையே. வூடு வூடாத்தான் இருக்குது."

"முகாம் எப்படி?"

"நல்ல கூட்டம்." பையிலிருந்து துணிகளை வெளியே எடுத்தாள். "மலைல ஒரு நாள் ஓடிப் பார்த்தேன்."

அவன் திரும்பவில்லை. கழுவிய தட்டையே மறுபடி கழுவினான். "எவ்வளவு?"

"ஒரு வளைவு. செருப்போடதான். ஏறிட்டு, நடந்து இறங்கிட்டேன்."

அன்று சாயங்காலம் அவன் ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து துணிப்பையை எடுத்தான். வாசலில் வைத்தான். மறுநாள் காலை பை இருந்தது, ஷூ இல்லை. அவன் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தான். அன்றிலிருந்து காலை அடுப்பு அவனுடையது.

அவள் ஓடியது ஓட்டம்போல இல்லை. ஊர் எல்லைப் புளியமரம் வரை மெதுவாகப் போவாள். அங்கிருந்து நடந்து வருவாள். மூச்சு வாங்காது, வியர்க்காது. முன்பு பஸ்ஸோடு போட்டி போட்டவள் என்று ஊருக்குத் தெரியும். இப்போது கோவிந்தன் பால் சொசைட்டிக்கு ஓட்டிப் போகும் மாடு அவளைத் தாண்டிப் போனது.

"என்ன டாக்டரம்மா, எம் மாடே முந்துது?"

"அதுக்குக் கறக்கற நேரமுங்க. எனக்கு என்ன அவசரம்?"

சாலம்மாள் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நிமிர்ந்தாள். "ஏன்டி, இப்ப நடக்கறதுக்குமா ஷூவு?"

"ஓட்டம் பின்னால வருதுங்க்கா."

ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்துராஜ் மொபெட்டில் பின்னால் போனான். அவ்வளவு மெதுவாகப் போனால் வண்டி சாய்ந்தது. காலை ஊன்றி ஊன்றித் தள்ளினான்.

"வூட்டுக்குப் போங்க," என்றாள் திரும்பாமல். "உங்க வண்டிதான் மூச்சு வாங்குது."

"இன்னும் கொஞ்சம் போலாமே. நல்லாத்தான ஓடற?"

"நல்லா இருக்கறப்பவே நிறுத்தணும்." நிறுத்தினாள்.

வேகமாக ஓடுவதைப் பார்த்து அவன் வியந்திருக்கிறான். வேகமாக ஓடத் தெரிந்த ஒருத்தி, ஊரே பார்க்க, மாட்டுக்குப் பின்னால் ஓடுவதை இப்போதுதான் பார்க்கிறான். அவனாக இருந்தால் வேறு ஊருக்குப் போய் ஓடியிருப்பான்.

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்கு அவன் களி கிண்டினான். மாவு மில்காரன் கிண்டிய களி கட்டி தட்டியிருந்தது. உருட்டித் தின்றாள்.

"சென்னைல என்னாச்சு?"

"தூக்கமில்லீங்க. அவ்வளவுதான்."

"மாலையாலதான?"

"சாமி மேல பழியப் போடாதீங்க."

"சாமி மேல போடல."

ரேவதி கட்டியை விரலால் நசுக்கினாள். "எனக்காகத்தான போட்டீங்க," என்றாள்.

குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவன் அடுத்த உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

ஆனி, ஆடி, ஆவணி. புளியமரம் பின்னால் போனது. அடுத்த ஊர் வந்தது, அதற்கடுத்த ஊர் வந்தது. ஒரு விடியற்காலையில் அவன் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டது. சீராக, இடைவெளி மாறாமல். தோசை கருகியது.

புரட்டாசியில் சொன்னாள். "ஜனவரிக்கு மறுபடி பேர் குடுத்திருக்கேன்."

"நல்லது."

"கார்த்திகையும் மார்கழியும்தான் நீளமா ஓடணும். அப்பத்தான் ஜனவரிக்கு உடம்பு தாங்கும்."

"ம்," என்றான்.

போன வருஷம் மாலை போட்டதும் அதே கார்த்திகையில்தான். காலண்டர் சுவரில் இருந்தது.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வத்தல்மலைச் சாலையை அடியிலிருந்து உச்சி வரை ஓடுவது என்று முடிவு செய்தாள். முத்துராஜ் மோரும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு முன்னால் போய், மேலே டீக்கடைக்குப் பக்கத்தில் நின்றான். மழை பெய்து ஓய்ந்திருந்தது. கீழே சாலை மடிந்து மடிந்து கிடந்தது.

சென்னையில் அவனுக்குத் தெரிந்தது கோட்டுக்கு முந்தின சில அடிகள் மட்டும். இங்கே எல்லாம் தெரிந்தது. கீழே ஒரு வளைவில் சிவப்புச் சட்டை வந்தது. மறைந்தது. அடுத்த வளைவில் வந்தது. கேழ்வரகுக் கொல்லைக்குப் போகிற மலைக்காரர்கள் ஒதுங்கி நின்று அவளிடம் ஏதோ கேட்டார்கள். ஓடியபடியே பதில் சொன்னாள். அவர்கள் சிரிப்பது மேலே கேட்டது. அவள் வேகம் கூடவில்லை, குறையவில்லை. செங்குத்தான இடத்தில் அடியைச் சிறிதாக்கிக்கொண்டாள், அவ்வளவுதான். இவளை எனக்குத் தெரியும் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது முத்துராஜுக்கு.

"நம்ம வூட்டம்மாவா சாமி அது?"

திரும்பினான். பச்சியப்பன் குருசாமி, போன வருஷம் அவன் கழுத்தில் மாலை போட்டவர். மிளகு வாங்க மலைக்கு வந்திருந்தார். தோளில் துணிப்பை.

"ஆமாங்க குருசாமி."

"அடேயப்பா. ஜீப்பே இங்க இழுக்க மாட்டேங்குது." கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தார். "போன வருசம் அந்தப் பிள்ளை ஆக்கிப் போட்ட பாயசத்த இன்னும் எல்லாரும் சொல்றாங்க."

கடைசி வளைவில் ரேவதி வந்தாள். முத்துராஜ் கை தட்டினான். தனியாகத் தட்டினான், பலமாக. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு அவரும் தட்டினார். அவள் வந்து நின்றாள், குனியவில்லை. இடுப்பில் கை வைத்து, முகமெல்லாம் ஈரமாகச் சிரித்தாள்.

"இன்னும் ஓடலாமுங்க," என்றாள். "அதான் நிறுத்திட்டேன்."

பிறகுதான் குருசாமியைப் பார்த்தாள். கும்பிட்டாள். முத்துராஜ் நீட்டிய மோரை வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை.

குருசாமி மிளகுப் பையை மறு தோளுக்கு மாற்றினார்.

"முத முறை போனா மூணு வருசம் மாலைய வுடக்கூடாது. கார்த்திகை ஒண்ணாந்தேதி உங்க வூட்லதான் பூசைன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். அதான, சாமி?"