சாயம் ஒட்டும் தூரம்

நதியா கஞ்சித் தம்ளரைப் படியில் வைத்து விரலால் உள்ளே தள்ளினாள். அம்மா ராக்கம்மாள் குனிந்து எடுத்துப் போய் அப்பாவின் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டாள். பாதி கடைவாயில் வழிந்தது. நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு நதியா வெளியிலேயே நின்றாள். படியைத் தாண்டக் கூடாதென்பது அப்பாவின் உத்தரவு.

அப்பா குருசாமிக்குத் தொண்டையில் புற்று. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கரண்டு, அதாவது கதிர், வைத்துப் பார்த்துவிட்டு, இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அங்கே காலேஜில் ஆராய்ச்சி செய்யும் நதியாவின் தம்பி ஜெயபாண்டி, போன மாதம் அருள்புரம் வீட்டுக்கு வந்தபோது சும்மா இருந்திருக்கலாம். பெருமை தாங்காமல் தன் எலிகளைப் பற்றிச் சொன்னான். எலியின் பாதி உடம்பை ஈயத்தகட்டால் மூடிவிட்டு, மீதிப் பாதியில் மட்டும் கொஞ்சூண்டு கதிர் பாய்ச்சுவார்களாம். மூடிய பாதியிலும் செல்கள் கெட்டுப்போகுமாம். கதிர் பட்ட செல், படாத செல்லுக்கு ஏதோ சொல்லி அனுப்பிவிடுகிறது என்றான்.

ஆயுசெல்லாம் சாயப்பட்டறையில் நின்றவருக்கு அது போதாதா? மெரூன் துணியோடு வெள்ளைத் துணி ஈரமாகக் கிடந்தால் என்ன ஆகுமென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றைக்கே மகளைப் படிக்கு வெளியே நிறுத்திவிட்டார். அம்மா ஏற்கெனவே சாயம் ஏறின துணியாம், பரவாயில்லையாம். நதியாவுக்கு அழுகையாக வந்தது. பயமாகவும் இருந்தது. பயப்பட்டதற்காகத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

மத்தியானம் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. தம்பிக்கு மிஸ்டு கால் கொடுக்கச் சொன்னாள் அம்மா. அப்பாவின் கை பாயைவிட்டு வெளியே வந்து வாசல் பக்கம் நீண்டது. நதியா ஒரு காலைத் தூக்கிப் படிமேல் வைத்தாள்.

“வராத ஆத்தா,” என்றார். குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது. “புள்ளைக்கு ஒட்டிரும்.”

அவள் காலை எடுத்துக்கொண்டாள். நீட்டிய கையை அவர் மடக்கவில்லை. அடுத்து இழுத்த மூச்சு திரும்பி வரவுமில்லை.

ஜெயபாண்டி வந்து சேர்ந்தபோது வாசலில் சங்கு ஊதிக்கொண்டிருந்தார்கள். அக்கா ஏன் வெளியே நிற்கிறாள் என்று விசாரித்தவன் தலையில் அடித்துக்கொண்டான்.

“அது ஒரே எலியோட ஒடம்புக்குள்ளக்கா. அப்பாவுக்கு வச்ச கரண்டு மிஷினை நிப்பாட்டுனதுமே நின்னுபோச்சு. ஆளுக்கு ஆளு ஒட்டாது.”

“பக்கத்துல இருக்குற எலிக்கு?”

ஒரே கூண்டில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றான், தரையைப் பார்த்தபடி. “இன்னும் சரியாத் தெரியலக்கா.”

வீட்டுக்காரம்மா பொன்னாத்தாள் வந்து நதியாவின் தோளைப் பிடித்தாள்.

“மாசமா இருக்கறவ பொணத்தத் தொடப்படாது கண்ணு. இங்கயே இரு.”

நதியா அந்தப் பிடியை விலக்கிவிட்டுப் படியைத் தாண்டி உள்ளே போனாள். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். நகர்ந்து இடம் விட்டாள்.

அப்பாவின் கைக் கட்டைவிரல்களைச் சேர்த்துப் பனியன் துணிக் கிழிசலால் கட்டியிருந்தார்கள். நதியா முடிச்சை அவிழ்த்தாள். வலது கையைத் தூக்கினாள்; விறைக்கத் தொடங்கியிருந்தது, கனத்தது. நகக்கண்களில் சாய நீலம் இன்னும் போகவில்லை. அந்தக் கையைத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

சேலைக்குள் குளிர் இறங்கியது. பிள்ளை அசையவில்லை. கையை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவள் காத்திருந்தாள்.