நல்ல தூக்கம்

"அவன் இல்லைங்க. இறந்துட்டான். காலையிலதான்."

 போனின் மறுமுனையில் இருந்தவர், "ஐயையோ, நேத்துகூட சிரிச்சுப் பேசினாரே" என்றார். "இந்த நேரத்துல கேக்கக் கூடாதும்மா. என் போனுக்கு டிஸ்ப்ளே மாத்தக் குடுத்திருந்தேன். அது யார்கிட்ட இருக்கும்?"

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடை முதலாளியைக் கேளுங்கள் என்று சொல்லிப் போனை வைத்தாள். தம்பியின் போன் காலையிலிருந்து இப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தது. செல்போன் ரிப்பேர்க்காரன் செத்தால் ஊரில் உடைந்த போனெல்லாம் துக்கம் விசாரிக்க வரும் போலிருக்கிறது. இதை அவனிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பான். சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கூடத்துப் பக்கம் திரும்பிவிட்டாள். அங்கே அவனைக் கிடத்தியிருந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவனுக்கு வலிப்பு வர ஆரம்பித்தது. வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லமாட்டார்கள். 'கரண்ட் போயிடுச்சு' என்பான் அவன். விழுந்து எழுந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "வந்துடுச்சு, வந்துடுச்சு. எதுக்கு எல்லாரும் மெழுகுவத்தி மாதிரி நிக்கிறீங்க?" என்பான். ஒவ்வொரு தடவையும் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அம்மா மேசை முனைகளுக்கெல்லாம் பழந்துணி சுற்றினாள். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்தாள். இரவுக்கு ஒரு கயிறு வைத்திருந்தாள். ஒரு முனை கட்டிலில் படுத்திருப்பவன் மணிக்கட்டில், மறுமுனை தரையில் படுத்திருக்கும் தன் மணிக்கட்டில். கயிறு வெட்டி இழுத்தால் எழுந்து அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, அடங்கும் வரை பிடித்துக்கொள்வாள். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு என்று ஊரார் பேச்சுக்குச் சொல்வார்கள். அம்மா நிஜமாகவே அப்படித்தான் இருந்தாள்.

போன மாதம் தம்பி அக்காவின் பியூட்டி பார்லருக்கு வந்தான். காலியாயிருந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றினான்.

"எனக்கு வயசு இருபத்தாறுக்கா. ராத்திரி பாத்ரூம் போகணும்னா அம்மாவை அவுத்துவிட்டுட்டுப் போகணும். நான் என்ன கன்னுக்குட்டியா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அக்காவுக்குத்தான் தாங்கவில்லை. அன்றைக்கே வீட்டுக்குப் போய் அம்மாவோடு சண்டை பிடித்தாள். "முன்ன மாதிரியா அடிக்கடி வருது? மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடறான். வலிப்பு வந்து யாராவது செத்திருக்காங்களாம்மா? அவனை மனுஷனா இருக்க விடு." சொன்ன கையோடு கயிற்றை எடுத்துக் குப்பையில் போட்டவளும் அவள்தான். அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். கொஞ்ச நாள் சுவரில் காதை ஒட்டிக்கொண்டு கிடந்ததாகத் தம்பி சொல்லிச் சிரித்தான்.

இன்று காலை அவன் குப்புறக் கிடந்தான். முகம் தலையணையில் புதைந்திருந்தது.

"தூக்கத்துல வலிப்பு வந்திருக்கணும்" என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர். "சில பேருக்கு அதோட மூச்சும் இதயமும் நின்னுடும். அபூர்வம்தான். ஆனா நடக்கும்."

"இத்தனை வருஷமா வர்றோம். ஏன் சொல்லல டாக்டர்?" என்றாள் அக்கா.

அவர் பேனாவை மூடினார், திறந்தார். "பயந்துடுவீங்கன்னு... சொல்லியிருக்கணும்."

"பக்கத்துல ஆள் இருந்திருந்தா?"

"உறுதியா சொல்ல முடியாதும்மா. இருந்தும் போயிருக்கலாம். தப்பிச்சும் இருக்கலாம்."

அந்த இரண்டு 'லாம்'களுக்கு நடுவில்தான் அக்கா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். அம்மா வாயைத் திறந்தால் போதும் என்றிருந்தது. பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டினால்கூடத் திட்டித் தீர்க்கிற அம்மா காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. "தூக்கத்துலயே போயிட்டான், குடுத்துவச்சவன்" என்று ஒரு பெண்மணி தேற்றியபோது மட்டும் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அக்கா பின்னாலேயே போனாள்.

"அம்மா, என்னைத் திட்டு."

அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான்தானே அவுக்கச் சொன்னேன்? நான்தானே தூக்கிப் போட்டேன்? ரெண்டு அறை வேணும்னாலும் அறைஞ்சிடு. இப்படி இருக்காதே."

"நேத்து நான் தூங்கிட்டேன்டி."

"என்னம்மா?"

"நல்லாத் தூங்கினேன். அவனுக்கு வந்த நாள்லேர்ந்து அப்படித் தூங்கினதே இல்ல. ஒரு கனவுகூட வரல. காலையில எழுந்தா உடம்பு பஞ்சா இருந்துச்சு. அடடா, எவ்வளவு நல்லா இருக்குன்னு நெனச்சேன். பல்லு தேய்ச்சுட்டு, வாசல்ல நின்னு காத்து வாங்கிட்டு, அப்புறம் ஆற அமர அவனை எழுப்பப் போனேன்."

 திட்டு வாங்கியாவது ஆறலாம் என்று வந்த அக்காவுக்கு அதுவும் இல்லாமல் போயிற்று.

"எல்லாரும் தூங்கறதுதானேம்மா" என்றாள். சொல்லியிருக்க வேண்டாம்.

 வாசலில் வண்டி வந்து நின்றது. அவனைத் தூக்க ஆட்கள் உள்ளே வந்தார்கள்.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அம்மா சமையலறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் செருகிச் செருகி வந்தன.

"போய்ப் படும்மா கொஞ்ச நேரம்."

"காபி போடு."

அக்கா போட்டுக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு அம்மா டம்ளரைத் திருப்பி நீட்டினாள். "தூள் பத்தாது."

அக்கா இன்னொரு கரண்டி போட்டுக் கலக்கினாள்.

"இன்னும்."

அக்கா அம்மாவைப் பார்த்தாள். பிறகு டப்பாவில் கரண்டியை விட்டு நிறைய அள்ளிப் போட்டாள். கறுத்து மண்டியாயிருந்த அதை அம்மா முகம் சுளிக்காமல் குடித்து முடித்தாள். டம்ளரை மறுபடியும் நீட்டினாள்.

அக்கா ஒன்றும் கேட்காமல் அடுப்பைப் பற்றவைத்தாள்.