பட்டாணியின் காது

எங்கள் நாய் பட்டாணி செத்த அன்று என் வீட்டுக்காரர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அந்தோணிதாஸ் என்கிற அந்த மனுஷருக்கு நெஞ்சில் இருப்பது கல்லா, கரும்புச் சக்கையா என்று முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். எங்கள் கரும்புக் கொல்லை ஓரத்து வேப்பமரத்தடியில் அவரே குழி வெட்டினார். மூடுவதற்கு முன்னால், கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த மாட்டு டாக்டர் பட்டாணியின் காதோரத்திலும் வயிற்றிலும் கொஞ்சம் தோல் எடுத்து, ஒரு புட்டியில் போட்டு என் கையில் கொடுத்தார். "பிரிட்ஜுல கீழ்த்தட்டுல வைங்கம்மா. செவ்வாக்கெழம கூரியர்காரரு வந்து எடுத்துக்கினு போவாரு" என்றார்.

எல்லாம் வெளிநாட்டில் இருக்கும் என் மகள் அனிட்டாவின் ஏற்பாடு. அந்தத் தோலை வைத்து ஒரு ஆய்வுக்கூடத்தில் கரு உண்டாக்கி, வேறொரு நாயின் வயிற்றில் வளர்த்து, இன்னொரு பட்டாணியைத் தருவார்களாம். அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் சரி என்றுவிட்டேன். பட்டாணி இல்லாத வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது கிடைத்தது அது. வழியில் வண்டியை நிறுத்தினோம். நாலடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனி. அதற்குள்ளிருந்து உள்ளங்கை அளவில் ஒரு குட்டி நடந்து வந்து என் செருப்பின் மேல் உட்கார்ந்துகொண்டது. வீடு வாசல் எதுவும் பக்கத்தில் இல்லை. சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அவர் வளைவு வளைவாக வண்டியை இறக்கினார். அடிவாரம் வரும் வரைக்கும் உலகத்தில் நாங்கள் மூன்று பேரும் பனியும்தான் இருந்தோம்.

சனிக்கிழமை சாயங்காலம் அனிட்டா போனில் பேசினாள். இவர் ஆரம்பித்தார்.

"நாய்க்கு எதுக்கும்மா நகலு? ரேஷன் கார்டா அது, ஜெராக்ஸ் எடுக்க?"

"அப்பா, கிண்டல் பண்ணாதீங்க."

"கிண்டல் இல்லம்மா. கரும்பயும் நாம வெதை போட்டா வளக்கறோம்? கணுவோட துண்டு வெட்டி, அந்தக் கரணையத்தான நடறோம். எங்க நட்டாலும் அதே கரும்புதான். ஆனா மணலூர்பேட்டை ஆத்து மண்ணுல ஒரு இனிப்பு, நம்ம கொல்லையில ஒரு இனிப்பு. எங்கியோ பொறந்து வர்றது நம்ம பட்டாணி ஆயிடுமா?"

"அதே நாயின்னு நானும் சொல்லலப்பா. அதே ஒடம்பு, அதே மூஞ்சி. அவ்ளோதான். அந்தக் கிழிஞ்ச காது கூட வராது. காது முழுசாத்தான் இருக்கும்."

இவர் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

அந்தக் காதைக் கிழித்தது இவருடைய கத்திதான். ஐந்து வருஷத்துக்கு முன்னால், மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டு நடந்தபோது, பட்டாணி இவரைத் தேடித் தோகைக்குள் ஓடி வந்தது. இவர் பார்க்கவில்லை. மறுநாளே அது இவர் கையை நக்கப் போனது. இவர் கையை இழுத்துக்கொண்டார். அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

திங்கட்கிழமை மதியம் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். அதே மலைப்பாதை, அதே பனி. ஒவ்வொரு வளைவிலிருந்தும் ஒரு பட்டாணி இறங்கி வருகிறது. பத்து, இருபது, பார்க்கிற இடமெல்லாம் பட்டாணி. எல்லாவற்றுக்கும் முழுக் காது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அத்தனையும் திரும்பிப் பார்த்தன. எதைத் தூக்கி மடியில் வைப்பது என்று தெரியாமல் நான் வெறும் சாக்கோடு நின்றேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் கூரியர்காரர் ஐஸ் பெட்டியோடு வாசலில் வந்து நின்றார். பிரிட்ஜைத் திறந்தேன். புட்டி இல்லை. தயிர்க் கிண்ணத்துக்குப் பின்னால், காய்கறிப் பெட்டிக்குள், எங்கேயும் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டாம் என்றால் வாய் திறந்து சொல்ல வேண்டியதுதானே, இப்படித் தூக்கி எறிவார்களா? கொட்டித் தீர்த்துவிடுவது என்று கொல்லைக்கு நடந்தேன்.

பம்புசெட் கொட்டகை நிழலில் குந்தியிருந்தார். எதிரில் பட்டாணி படுக்கும் சாக்கு மடித்துக் கிடந்தது. சொம்பிலிருந்து கையில் அள்ளி அதன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பண்றீங்க?"

சாக்கைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஈர வைக்கோல். அதன்மேல் அந்தத் தோல் துண்டுகள், கறுத்து, நாற்றமெடுத்து, எறும்பு மொய்த்துக் கிடந்தன.

"கரணைய ஐஸ்ல வெச்சா மொளைக்கிற கண்ணு செத்துடும் பவுலி. ஈரத்துல, நெழல்ல வெச்சாதான் உசுரு நிக்கும். அதான் சனிக்கெழம ராத்திரியே எடுத்தாந்துட்டேன். மூணு வேளையும் தண்ணி தெளிச்சிக்கினுதான் இருக்கறேன்." என் முகத்தைப் பார்த்தார். "கெட்டுப்போச்சா?"

சாக்கின் ஓரத்தை இழுத்து மூடினேன்.

"நீங்கதான் வேணாம்னீங்க."

"காது முழுசா வரும்னு சொன்னாளே" என்றார்.

அப்போதுதான் அழுதார். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வாசலில் கூரியர்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்தார்.

அவரை வெறும் பெட்டியோடு அனுப்பி வைத்தேன். பட்டாணி மண்ணுக்குள் போய் நாலு நாள் ஆகிவிட்டது. இனி எடுக்க எதுவும் இல்லை. அந்தச் சாக்கை அப்படியே கொண்டுபோய் வேப்பமரத்தடியில், பட்டாணிக்குப் பக்கத்திலேயே புதைத்தோம்.

மறுநாள் காலையில் பார்த்தால் அந்த இடம் நனைந்திருந்தது. பக்கத்தில் அவருடைய சொம்பு கிடந்தது. அதற்கு மறுநாள் அவர் ஆலைக்கு வெட்டு உத்தரவு கேட்கப் போனவர் மதியமாகியும் வரவில்லை. வெயில் ஏறி மண் காய்ந்துகொண்டிருந்தது. சொம்பில் தண்ணீர் மொண்டு போய் நானே ஊற்றினேன்.