காதில் ஓட்டை இல்லாத எலிகள்

கூண்டைத் திறந்த ஜோதிமணி எலிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். ஒரு எலியின் காதிலும் ஓட்டை இல்லை.

ஓசூர் ஆய்வுக்கூடத்துக்கு அந்த இன எலிகள் வந்தது அதுவே முதல்முறை. அவற்றின் நோய் எதிர்ப்புச் செல்கள் சொந்த உடம்பையே எதிரியாக நினைத்து, ஒன்றுக்கொன்று சேதி அனுப்பி, சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். புது மருந்து அந்தச் சேதியை நிறுத்துமா, வளர்ச்சிக் காரணிகள் என்ற புரதங்கள் சுரப்பது குறையுமா என்று பார்ப்பதுதான் அவள் ஆய்வு. அடையாளத்துக்கு அவளே காதில் ஓட்டை போட்டிருந்தாள்: இடது காதில் என்றால் மருந்து, வலது என்றால் வெறும் உப்புத்தண்ணீர். போட்ட ஓட்டை எலி சாகும்வரை மூடாது என்றுதான் அவள் படித்திருந்தாள்.

யாரோ எலிகளை மாற்றிவிட்டார்கள். யாரோ என்ன யாரோ, கூண்டு கழுவும் மாதேஸ்வரியிடம்தானே சாவி! எலிகள் செத்திருக்கும், மறைக்க வேறு எலிகளைப் போட்டிருப்பாள். போனில் பேசிக்கொண்டிருந்தவள் ஜோதிமணியைக் கண்டதும் தெலுங்குக்குத் தாவவில்லையா? ஞாயிற்றுக்கிழமையும் வந்தாளே? அன்றைக்கு எலிகளுக்குத் தீனி யார் போடுவார்கள் என்று யோசிக்க ஜோதிமணிக்குப் பொறுமை இல்லை. நேற்று மாதேஸ்வரி சிரித்த சிரிப்புகூட இப்போது உறுத்தியது.

"சத்தியமா நா மாத்தலீங்க மேடம். எலிய மாத்தி எனக்கென்ன ஆவப்போவுது?"

"அப்ப ஓட்டை எங்க போச்சு? பறந்து போச்சா?"

"தெரியலீங்களே. இந்த வேலைய வுட்டா எனக்கு வேற நாதி இல்லீங்க."

மேலாளர் அசோக்குமார் அன்றே மாதேஸ்வரியை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார். ஜோதிமணி அதே இனத்தில் புது எலிகளுக்கு ஓட்டை போட்டு, கூண்டையும் தானே கழுவினாள். சாவியை யாரிடமும் கொடுக்கவில்லை.

சில வாரங்களில் அந்த ஓட்டைகளும் சுருங்கின. முதலில், மாற்றுச் சாவி வைத்திருந்த அசோக்குமார் மேல்தான் சந்தேகம் வந்தது. பிறகு அவள் கண் முன்னாலேயே, தழும்புகூட இல்லாமல் மூடிக்கொண்டன. அப்புறம்தான் உட்கார்ந்து தேடிப் படித்தாள். இந்த இனத்துக்குக் காதில் போட்ட ஓட்டை தானாகவே சதை வளர்ந்து மூடிவிடுமாம். எப்போதோ எழுதி வைத்திருக்கிறார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

உத்தனப்பள்ளியில் மாதேஸ்வரி வீட்டுக்கு அவளே போன் செய்து, வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டாள். மறுநாள் மாதேஸ்வரி வந்ததும் வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பு என்னோடதுதான். மனசுல வெச்சுக்காதீங்க."

"பரவால்லீங்க மேடம்."

சாயங்காலம் கிளம்பும்போது மாதேஸ்வரி நேராக ஜோதிமணியின் மேசைக்கு வந்து, தன் பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். டிபன் பாக்ஸ், சீப்பு, கசங்கிய பஸ் டிக்கெட்.

"என்ன இது? நான் கேக்கவே இல்லையே."

"நீங்க கேக்க வேணாங்க. ஒருவாட்டி பாத்துட்டீங்கன்னா நா நிம்மதியா பஸ் ஏறுவன்."

மறுநாள் சாயங்காலமும் வந்து கொட்டினாள்.